இரத்தக் கொதிப்பும் நடைப் பயிற்சியும்

இரத்தக் கொதிப்பு என்று நாம் வழங்கும் உயர் இரத்த அழுத்தம், பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ காட்டாமல் உடலில் குடியேறும் நோயாகும். கருவியால் அளந்தாலன்றிப் புலப்படாது. இருதயம் சுருங்கும்போது குழாய்களில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். அது தளரும்போது உள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90க்குக் குறையாமல் நின்றால் நோய் உண்டென்று கொள்ள வேண்டும். கவனியாது விட்டால் பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகக் கேடும் விளையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி வீடு தேடி வந்து அளந்து, மாத்திரையும் தருகின்றனர். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும். நடையை எவரும் கொண்டுவந்து தர இயலாது.

வானூர் வட்டத்துப் பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் இதைச் சொன்னால், "கடலில் பாடுபடுகிறவனுக்குத் தனியே நடை எதற்கு?" என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதே. ஆனால் வலை இழுப்பதும் படகு தள்ளுவதும் மூச்சடக்கிச் செய்யும் வேலைகள். அப்பொழுதில் அழுத்தம் ஏறவே செய்கிறது. நடையிலோ கால்களின் பெருந்தசைகள் ஒரே சீராக இயங்குகின்றன. நாளடைவில் இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து கொடுக்கின்றன. நரம்புகளின் படபடப்பும் தணிகிறது. மேலும், இயந்திரப் படகு வந்தபின் துடுப்பு வலிக்கும் உழைப்புக் குறைந்தது. மீன் கூடை சுமந்து ஊர் ஊராய் நடந்த பெண்கள் பலர் இன்று ஆட்டோவில் செல்கின்றனர். சுமை குறைந்தது நன்றே. அதனுடன் நடையும் போயிற்று.

22 நாடுகளில் நடந்த 73 ஆய்வுகளைத் தொகுத்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடைப் பயிற்சியால் மேல் எண் சராசரியாக 4 அளவு குறைந்ததாக அது காட்டியது. ஆகவே நடை மாத்திரைக்குத் துணையேயன்றி மாற்றன்று. நடக்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தாமே நிறுத்துவது ஆபத்து. உப்பையும் குறைக்க வேண்டும். எல்லா உணவிலும் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருத்தல் நலம். கருவாட்டில் உள்ளதும் இக்கணக்கில் சேரும்!

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிஷம் போதும். மூன்று பத்து நிமிஷங்களாகப் பிரித்தும் நடக்கலாம். நடக்கையில் பேச முடிய வேண்டும். பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதுவே தக்க வேகம். நீரிழிவும் உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது.

எங்கே நடப்பது? கடற்கரை இருக்க என்ன குறை என்று வெளியூரார் நினைக்கலாம். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் கற்சுவர்கள் எழுந்தபின் வடக்கே மணல் செல்வது தடைப்பட்டு, இவ்வூர்க் கரையும் அரிப்புக்குள்ளானது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ வாகனங்கள் விரைகின்றன. 2023 நவம்பரில் அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைத்தடம் ஒன்றைத் தொடங்கியது. எனினும் நாள்தோறும் அங்கே சென்றுவருவது கிராமத்தார்க்கு அரிது. ஆதலால் ஊருக்குள்ளேயே, விளக்குள்ள தெரு ஒன்றில் 100 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் குறியிடலாம். ஊராட்சி குழிகளை மூடித் தரலாம். பத்து முறை போய்வந்தால் 2 கிலோமீட்டர். ஏறக்குறைய 25 நிமிஷ நடை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து நடந்தால் கூச்சமும் இராது.

மேல் எண் 180 அல்லது கீழ் எண் 110ஐ எட்டியவர்களும், நெஞ்சுவலி கண்டவர்களும் முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்ட பின்னரே நடக்கத் தொடங்க வேண்டும்.