சாம்பார்ப் பானையும் விலைவாசிக் கணக்கும்

காவிரியினின்று குடமுருட்டி பிரிந்து செல்லும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் நெல்லுக்குக் குறைவில்லை. எனினும் அந்நெல்லை விளைவிக்கும் குடியானவர் வீட்டுச் சாம்பார்ப் பானைக்குள் என்னென்ன உள்ளன என்று பார்ப்போமாயின், அவற்றுள் பெரும்பாலானவை வெளியூர்ச் சரக்கு என்பது புலனாகும். துவரம்பருப்பு கலபுரகி போன்ற தொலைதூரச் சீமைகளினின்று வருகிறது. பருவம் பொய்க்கும் ஆண்டுகளில் மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பலேறி வருகிறது. சின்ன வெங்காயம் பெரம்பலூர்ப் பக்கத்தது. தக்காளி ஒட்டன்சத்திரத்திலிருந்தோ கோலாரிலிருந்தோ வருவது. நம் வயலில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன் தெளிக்கும் உளுந்தும் பயறும் இட்டிலிக்கும் பொங்கலுக்கும் உதவுமளவுக்குச் சாம்பாருக்கு உதவா. ஆகவே, விலைவாசி ஏற்றம் நம் அடுப்படியை எவ்வாறு தொடுகிறது என்பதை அறியச் சாம்பாரைவிடத் தக்க அளவுகோல் நமக்கு இல்லை.

இம்முறை புதியதன்று. நைஜீரியா நாட்டில் எஸ்.பி.எம். இன்டலிஜென்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம், அந்நாட்டு மக்கள் விரும்பியுண்ணும் ஜொலோஃப் எனும் தக்காளிச் சோற்றை ஒரு குடும்பத்துக்கு ஒரு பானை சமைக்க ஆகும் செலவைப் பல சந்தைகளில் கணக்கிட்டு வெளியிடுகிறது. நம் மத்திய அரசின் 2019-20 ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, ஒரு தட்டுச் சாப்பாட்டின் விலைக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. கிரிசில் நிறுவனமும் மாதந்தோறும் சாப்பாட்டுத் தட்டின் செலவைக் கணக்கிடுகிறது. 2023 சூலையில் சைவச் சாப்பாட்டின் செலவு ஒரே மாதத்தில் 28 விழுக்காடு ஏறிற்று. அதில் 22 விழுக்காடு தக்காளி ஒன்றினாலேயே என்று அந்நிறுவனம் கண்டது.

நம் ஊர்க்கணக்கை எப்படி எழுதுவது? ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வேளைச் சாம்பாருக்கு வேண்டிய பொருள்களின் எடையை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பருப்பு 150 கிராம், தக்காளி 150 கிராம். மற்றும் புளி, வெங்காயம், காய், பொடி, எண்ணெய் ஆகியவற்றின் அளவு. பின்னர் மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தரத்துக்கு விலை கேட்டு எழுத வேண்டும். கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையைக் கணக்கில் சேர்க்க வேண்டுவதில்லை. (கடைக்காரர் அதற்கும் காசு கேட்கத் தொடங்கினால் அதுவே ஒரு செய்திதான்!)

எடுத்துக்காட்டாக, ஒரு பானைக்கு 60 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். அதில் பருப்பு 21 ரூபாய், தக்காளி 6 ரூபாய், ஏனையவை 33 ரூபாய். தக்காளி விலை மும்மடங்கானால் பானை 72 ரூபாயாகும்; 60ஐ 100 எனக் கொண்டால் இது 120. பருப்பு விலை மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏறினால் பானை 67 ரூபாய், அதாவது ஏறத்தாழ 112. பார்வைக்குத் தக்காளியே பெருந்தொல்லையாகத் தோன்றும். ஆயினும் தக்காளி ஓரிரு மாதங்களில் இறங்கிவிடும். பருப்போ அடுத்த மகசூல் வரும்வரை இறங்குவது அரிது. 2015 ஆம் ஆண்டில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியதை நம் இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விலை ஏறும்போது வீட்டில் பருப்பைக் குறைத்து நீரைக் கூட்டுகிறார்கள். அல்லது சாம்பாரை விட்டு ரசம் வைக்கிறார்கள். கைச்செலவு மாறுவதில்லை, குழந்தைகளுக்குப் போய்ச்சேரும் புரதச்சத்து குறைகிறது. செலவை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஆதலின், எடை மாறாத கணக்கை ஒரு பக்கத்திலும், உண்மையில் பானையில் போட்ட பருப்பின் அளவை எதிர்ப்பக்கத்திலும் எழுதுவது இன்றியமையாதது. நம் கருத்தில், இரண்டாம் பக்கமே முதற்பக்கத்தைவிட மேலானது.

நியாயவிலைக் கடைப் பருப்பைத் தனியாகக் காட்ட வேண்டும். கிலோ 30 ரூபாய்க்குப் பெறும் பருப்பில் மேற்சொன்ன பானை 43 ரூபாய் 50 காசில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு கிலோ ஆறேழு பானைக்கே போதும், பிறகு கடைவீதிதான். இரு விலையையும் கலந்து சராசரி எடுத்தால் கணக்குக் குழம்பிவிடும்.

இனி வருவாய்ப் பக்கம். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2014-15இல் குவிண்டாலுக்கு 1,360 ரூபாய். 2024-25இல் 2,300 ரூபாய். உயர்வு 69 விழுக்காடு. அதே பத்தாண்டில் சாம்பார்ப் பானை இதைவிட மிகுதியாக ஏறியிருந்தால், நெல் விற்றவர் கையில் பணம் கூடியும் அடுப்படியில் அவர் இழந்தவரே. கூலியாள் குடும்பத்துக்கோ, ஒரு நாள் கூலியில் எத்தனை பானை என்பதே கேள்வி; ஆண் கூலியையும் பெண் கூலியையும் தனித்தனியே எழுதினால்தான் உண்மை விளங்கும்.

சுற்றுக் கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்கள், மகளிர் குழுவினரிடம் இக்குறிப்பேட்டை ஒப்படைத்து, கிராம சபை கூடும் நாள்தோறும் படிக்கச் செய்யலாம். தொடங்கும் மாதத்தையே 100 எனக் கொள்ளலாகாது. காய்கறி மலிந்த மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கால விலை பேரேற்றமாகத் தோன்றும். ஐப்பசியில் தொடங்கினால் விலை வீழ்ந்ததாகத் தோன்றும். முதல் பன்னிரண்டு மாதச் சராசரியை 100 என வைத்துக்கொண்டு, அதன்பின் ஒவ்வொரு மாதத்தையும் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு வருதல் வேண்டும்.