பாடநூலில் குறைந்த பாலிமர் பாடம்: இணையவழிக் கல்வியைப் பயன்கொள்ளும் முறை

காலையில் வாசலுக்கு வரும் பால் உறை, வயலில் பதிக்கும் சொட்டுநீர்க் குழாய், பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் தண்ணீர்ப் புட்டி, இரவில் கட்டும் கொசுவலை ஆகிய யாவும் பாலிமர் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த பொருள்களே. இவை புகாத வீடு இன்று இல்லை என்றே கூறலாம். எனினும் இவற்றைப் பற்றிப் பள்ளியில் முறையாகக் கற்கும் வாய்ப்பு அண்மையில் குறைந்துவிட்டது. டில்லியில் 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, பெருந்தொற்றுக்குப் பின் மாணவரின் சுமையைக் குறைக்கும் நோக்கத்துடன் 2022-ஆம் ஆண்டில் தன் நூல்களைச் சுருக்கியது. அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு இரசாயன நூலிலிருந்த பாலிமர் பகுதியும், எட்டாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்த செயற்கை இழைகளும் பிளாஸ்டிக்குகளும் பற்றிய அத்தியாயமும் நீக்கப்பெற்றன.

அதே ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றிற்கு நாடெங்கும் தடை நடைமுறைக்கு வந்தது. பாடம் குறைந்த ஆண்டிலேயே பாடத்தின் தேவை பெருகிற்று. கடைக்காரர் களப்பணியாளரைப் பார்த்து, "என் கடைப் பை ஆகாது என்கிறீர்கள், பால் உறை மட்டும் ஆகுமோ?" என்று கேட்கிறார். மாணவன் ஆசிரியரிடம், "மக்கும் பை என்று அச்சிட்டிருக்கிறதே, அது மண்ணில் மக்கிவிடுமா?" என்று வினவுகிறான். இவ்வினாக்களுக்கு விடை கூற வேண்டியவர்கள் எங்கே கற்பது, எவ்வாறு கற்பது என்பதை ஈண்டுக் காண்போம்.

முதலில் தெளிய வேண்டிய கருத்து

சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று சங்கிலிபோல் இணைந்து உண்டாகும் பெரிய மூலக்கூறே பாலிமர். தமிழில் இதனைப் பலபடி என்பர். எத்திலீன் வாயுவின் மூலக்கூறு எடை 28. அத்தகைய 10,000 மூலக்கூறுகள் இணைந்தால் 2,80,000 மூலக்கூறு எடையுள்ள பாலிதீன் சங்கிலி ஒன்று கிடைக்கிறது. இக்கருத்தை 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மானிய விஞ்ஞானி ஸ்டாடிங்கர், சக அறிஞர் பலருடைய எதிர்ப்பைச் சந்தித்தார். 1953-ஆம் ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சங்கிலியின் அமைப்பே பொருளின் குணத்தை நிர்ணயிக்கிறது. இங்கிலாந்தில் 1933-ஆம் ஆண்டில் மிகுந்த அழுத்தத்தில் முதன்முதலாகப் பெறப்பட்ட பாலிதீனில் சங்கிலிகள் கிளைவிட்டிருந்தன. கிளைகள் இடைமறிப்பதால் சங்கிலிகள் நெருங்கிப் படிய முடியாது. ஆகவே அப்பொருள் மென்மையானது, எளிதில் வளைவது. 1953-ஆம் ஆண்டில் ஸீக்ளர் கண்ட வினையூக்கியால் குறைந்த அழுத்தத்திலேயே கிளையற்ற சங்கிலிகள் கிடைத்தன. அவை நெருங்கி அடுக்கமைவதால் அப்பாலிதீன் கெட்டியாக இருக்கிறது. பால் உறையும் தண்ணீர்க் குடமும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிறந்தும் வெவ்வேறு குணம் பெற்றிருப்பதன் காரணம் இதுவே. இரசாயனமும் பொருளறிவியலும் கைகோக்கும் இடமும் இதுவே.

எங்கெங்கே பாடங்கள் உள்ளன?

ஐ.ஐ.டி. எனப்படும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய 'என்.பி.டி.இ.எல்.' திட்டத்தில் டில்லிக் கழகமும் ஒன்று. டில்லிப் பேராசிரியர்கள் நெசவுப் பொருள்களைச் சோதிக்கும் முறை குறித்தும், கரக்பூர், சென்னைப் பேராசிரியர்கள் பாலிமர் இரசாயனம் குறித்தும் நிகழ்த்திய விரிவுரைகளைக் கட்டணமின்றிக் காணலாம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் டில்லியில் தொடங்கி வைக்கப்பெற்ற 'ஸ்வயம்' தளத்தில் இத்தகைய பாடங்களில் சேர்ந்து, தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம்.

படித்துக் கற்க விரும்புவோர்க்கு, டில்லி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் 'ஈ-ஞானகோஷ்' என்னும் நூற்களஞ்சியமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 'ஈ-பி.ஜி. பாடசாலை'யும் உள. செய்முறைக்கு டில்லித் தொழில்நுட்பக் கழகம் ஒருங்கிணைக்கும் 'வர்ச்சுவல் லேப்ஸ்' என்னும் திரைவழி ஆய்வுக்கூடங்கள் பயன்படும். தமிழில் தொடங்க விரும்புவோர் தமிழ்நாட்டரசின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலை எடுத்துக்கொள்க. அன்றாட வாழ்வில் வேதியியல் என்ற அதன் அலகில் பலபடிகள் விளக்கப்பட்டுள்ளன.

அயல்நாட்டுத் தளங்களில் இரண்டைக் குறிப்பிடுதல் தகும். அமெரிக்காவின் தென் மிஸ்ஸிஸிப்பிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'மேக்ரோகேலரியா', ஐந்து மாடி அங்காடிபோல் அமைக்கப்பட்டது. கீழ்மாடியில் வீட்டுப் பொருள்கள்; மேலே செல்லச் செல்ல, அவற்றின் இயல்பு, தயாரிப்பு, சோதனை முறை என்று பாடம் ஆழமாகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'டூயிட்பாம்ஸ்' தளத்தில் பாலிமர் சூட்டில் இளகுவதும் குளிரில் இறுகுவதும் அசையும் படங்களால் விளக்கப்படுகின்றன.

தேர்ந்தெடுப்பது எப்படி?

இத்தனை இருப்பதே ஓர் இடர்ப்பாடு. என்.பி.டி.இ.எல். பாடங்கள் பொறியியல் மாணவர்க்காக அமைந்தவை. பல பாடங்கள் எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் நீள்பவை. அனைத்தையும் பார்க்க முயல்பவர் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுவர். ஆதலால் எந்தப் பாடத்தைத் திறக்குமுன்பும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நான் விடை தேடும் கேள்வி எது? கண்ணால் காண முடியாத மூலக்கூற்றின் அமைப்பை இப்பாடம் தெளிவாகக் காட்டுகிறதா? அது கூறுவதைக் கையிலுள்ள பொருளைக் கொண்டு சரிபார்க்க இயலுமா?

மூன்றாம் வினா இன்றியமையாதது. திரையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இழுபட்டு அறுவதை மாணவன் பார்க்கலாம். அதன் இழுப்பை அவன் விரல் அறியாது. கண்ணுக்கு எட்டாததைத் திரை காட்டட்டும். கைக்கு எட்டுவதைக் கையே சோதிக்கட்டும். இதுவே இணையவழிப் பாடத்தைப் பயன்கொள்ளும் நெறி.

ஒரு மாதிரிப் பாடம்

பிளாஸ்டிக் பாத்திரங்களின் அடியில் முக்கோணத்தினுள் ஓர் எண் காணப்படும். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய இம்முறையில் 1 என்பது பெட், 2 அடர் பாலிதீன், 3 பி.வி.சி., 4 மென் பாலிதீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 ஏனையவை. முதல் ஆறிலிருந்தும் நக அளவுத் துண்டுகளை வெட்டிக்கொள்க. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் இட்டு, துண்டுகளைக் குச்சியால் அமிழ்த்திக் காற்றுக் குமிழிகளை நீக்கி விடுக. இடுமுன் எது மிதக்கும், எது ஆழும் என்பதை மாணவர் எழுதிவைக்க வேண்டும்.

2, 4, 5 ஆகியவை மிதக்கும். 1, 3, 6 ஆகியவை ஆழும். இனி, 100 மில்லிலிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் உப்பைக் கரைத்து, ஆழ்ந்த துண்டுகளை அதிலிடுக. அக்கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.15. பாலிஸ்டைரீனின் அடர்த்தி சுமார் 1.05 ஆதலால் அது மேலெழும். 1.38 அடர்த்தியுள்ள பெட்டும், ஏறத்தாழ 1.4 அடர்த்தியுள்ள பி.வி.சி.யும் அடியிலேயே தங்கும்.

இப்பொழுது திரையைத் திறந்து சங்கிலிகளின் வடிவத்தைக் காட்டுக. மிதந்த மூன்றும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. பி.வி.சி.யில் எடை மிகுந்த குளோரின் அணு உண்டு. பெட்டில் ஆக்ஸிஜனும் வளைய அமைப்பும் உண்டு. ஆனால் பாலிஸ்டைரீனிலும் கார்பனும் ஹைட்ரஜனுமே உள்ளன. அது ஏன் ஆழ்ந்தது என்று மாணவர் கேட்பர். அதன் சங்கிலியில் தொங்கும் பென்ஸீன் வளையங்களைத் திரையில் கண்டால் விடையை அவர்களே காண்பர்.

எச்சரிக்கை இரண்டு. காற்றறைகள் கொண்ட தெர்மாகோல் பாலிஸ்டைரீனே ஆயினும் மிதக்கும். சுண்ணாம்புத் தூள் மிகுதியாகக் கலந்த பாலிபுரொப்பிலீன் நீரில் ஆழக்கூடும். எனவே இச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. மேலும், பிளாஸ்டிக்கை எரித்து இனங்காணும் முறையை வகுப்பில் செய்தலே கூடாது, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும்.

இரு கேள்விகளுக்கு விடை

கடைப் பையும் பால் உறையும் ஒரே பாலிதீனால் ஆனவையாக இருக்கலாம். வேறுபாடு மூலக்கூற்றில் இல்லை. மத்திய அரசின் விதிப்படி, பொருளை உள்ளே வைத்து மூடி முத்திரையிட்ட உறை, கைப்பை என்ற வகையில் சேராது. கைப்பையின் குறைந்த தடிப்பு 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான், அதாவது 0.12 மில்லிமீட்டர் என்றும் உயர்த்தப்பட்டது. மெல்லிய பை எளிதில் கிழிந்து பறந்துவிடுவதால் அதைத் திரட்டுவார் இல்லை. தடித்த பை மறுபடியும் பயன்படும், விலைக்கும் போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையோ தடிப்பைக் கருதாமல் கைப்பைகளை விலக்கிற்று. பால் உறைக்கு அதிலும் விலக்களிக்கப்பட்டது.

மக்கும் பைக்கான விடை சங்கிலியில் இருக்கிறது. பாலிதீனின் முதுகெலும்பு முழுவதும் கார்பன் பிணைப்புகளே. அவற்றை நீரும் நுண்ணுயிரும் எளிதில் அறுக்க இயலாது. லாக்டிக் அமிலத்திலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலத்தில் எஸ்டர் பிணைப்புகள் உள்ளமையால் நீர் அவற்றை அறுக்கும். ஆயினும் அது விரைந்து மக்குவதற்கு உரத் தொழிற்சாலையில் இருப்பதுபோல் ஏறத்தாழ 60 டிகிரி செல்ஸியஸ் வெப்பமும் ஈரமும் வேண்டும். ஆகவே 'மக்கும்' என்ற சொல்லைப் படித்துவிட்டு வாய்க்காலில் எறிவது தவறு என்று மாணவனுக்கு விளங்கச் செய்தல் வேண்டும்.

இணைய வசதி குறைந்த இடங்களில்

சிற்றூர்ப் பள்ளிகளில் அசையும் படம் தடையின்றி ஓடுவது அரிது. ஆசிரியர் வசதியுள்ள இடத்தில் விரிவுரையையோ நூலையோ முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, வகுப்பில் ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் காட்டலாம். 'ஸ்வயம் பிரபா' என்னும் கல்வித் தொலைக்காட்சி 2017-இல் 32 அலைவரிசைகளுடன் செயற்கைக்கோள் வழியே தொடங்கியது; அதற்கு இணையமே வேண்டுவதில்லை. ஆங்கில விரிவுரைகள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. குவளையும் நீரும் உப்பும் எவ்வூரிலும் உண்டு. அவற்றோடு பாடத்தைத் தொடங்கிய வகுப்பு, திரையில் காண்பதையும் கேள்வியோடு காணும்.

பயிற்சி வினாக்கள்

1. நல்லெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92, பாலிபுரொப்பிலீனுக்கு 0.90 முதல் 0.91 வரை, அடர் பாலிதீனுக்கு ஏறத்தாழ 0.95. எண்ணெயில் எது மிதக்கும்? சோதித்துப் பார்க்க.

2. உம் ஊரில் ஒரு வாரத்தில் எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களை எண்வாரியாகப் பிரித்துப் பட்டியலிடுக. எண் இல்லாதவற்றை எவ்வாறு வகைப்படுத்துவீர்?

3. இணையவழிப் பாடம் ஒன்றைத் தேர்ந்து, மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் அது தரும் விடையை எழுதுக.