லண்டன் வீட்டுக் குழாய்க்கு எந்த ஸ்பேனர்? முதன்முறை வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரில் பிளம்பர் என்றால் சாக்குப்பையும் அதிலிருந்து தலைநீட்டும் பெரிய பைப் ரெஞ்சும்தான் நினைவுக்கு வரும். அங்கே அது சரி. ஜி.ஐ. குழாயின் உருண்டை உடம்பையே பல்லால் கவ்வித் திருக வேண்டியிருந்தது. ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ வீடு வாங்கிய நம்மவர்கள் பலரும் அதே நினைப்பில் கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமானதைத் தூக்கி வருகிறார்கள். ஆனால் லண்டன் வீடுகளில் பெரும்பாலும் ஓடுவது மெல்லிய செம்புக் குழாய். இணைப்புகளில் இருப்பது ஆறு பக்கப் பித்தளை நட். அந்தக் கனத்த ரெஞ்சுக்கு இங்கே ஏறக்குறைய வேலையே இல்லை.

வாங்கத்தான் வேண்டுமா?

வாடகை வீடென்றால் பொறுங்கள். 1985-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி, ஏழு ஆண்டுக்குக் குறைந்த ஒப்பந்தங்களில் தண்ணீர்க் குழாய், சிங்க், பேசின், குளியல் தொட்டி இவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. நீங்களே கைவைத்து ஒழுகல் பெரிதானால் பழி உங்கள் தலையில் விழும். வாளியை வைத்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மேலே படிக்கலாம்.

முதல் படி: கடைக்கு முன் சிங்க் அடியில் பாருங்கள்

ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் போதும். பிரிட்டனில் செம்புக் குழாய்கள் 1970-களில் மெட்ரிக் அளவுக்கு மாறின. வீட்டுக்குள் நீங்கள் காண்பது பெரும்பாலும் 15 மி.மீ., 22 மி.மீ. என இரண்டே அளவுதான். கவனியுங்கள், இது குழாயின் வெளி விட்டம். ஸ்பேனர் பிடிக்க வேண்டியதோ நட்டை. 15 மி.மீ. குழாயின் நட் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே சுமார் 24 மி.மீ. இருக்கும்; 22 மி.மீ. குழாயின் நட் 30 முதல் 32 வரை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஓரிரு மி.மீ. கூடும், குறையும். அளவு மாற்றும் ஸ்பேனர் இங்கே தேவைப்படுவதே அதனால்தான். நிலையான அளவுள்ள ஸ்பேனர் செட் வாங்கினால், வேண்டிய அளவு மட்டும் அதில் இருக்காது.

விக்டோரியா காலத்து வரிசை வீடென்றால் இன்னொன்றையும் பாருங்கள். தெருவிலிருந்து உள்ளே வரும் குழாய் மங்கிய சாம்பல் நிறமாக, சுரண்டினால் வெள்ளிபோலப் பளிச்சிட்டால் அது ஈயம். 1970-க்கு முன் கட்டிய வீடுகளில் இருக்கலாம். அதை எந்த ஸ்பேனராலும் தொடாதீர்கள்; முறுக்கினால் குழாயே வளையும். தண்ணீர் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நீளத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்

அட்டையில் பெரிதாக 8 அங்குலம், 10 அங்குலம் என்று போட்டிருப்பது கைப்பிடியின் நீளம். உங்களுக்கு வேண்டியது தாடை எவ்வளவு விரியும் என்பது. அது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். சாதாரண 8 அங்குல ஸ்பேனர் 25 மி.மீ. சொச்சம்தான் விரியும். 15-க்குச் சரி, 22-இன் நட்டில் நுழையாது. அதற்காக 12 அங்குலம் வாங்கினால், சிங்க் அலமாரிக்குள் கைப்பிடியைத் திருப்ப இடம் இருக்காது.

இதற்காகவே குட்டைக் கைப்பிடியும் அகன்ற வாயும் கொண்ட வகை வருகிறது. பாகோ 9031 ஓர் எடுத்துக்காட்டு: நீளம் 218 மி.மீ., வாய் 38 மி.மீ. அதன் தாடையும் மெலிது. சுவரை ஒட்டிய நட்டிலும் நுழையும். வேறு நிறுவனங்களும் இதேபோல் செய்கின்றன. பெயர் முக்கியமில்லை. 34 மி.மீ.க்குக் குறையாத வாய், சுமார் 8 அங்குலக் கைப்பிடி என்ற இரண்டையும் மட்டும் விடாதீர்கள்.

ஒரு துணுக்கு: அளவு மாற்றும் ஸ்பேனரின் இன்றைய வடிவத்துக்கு 1892-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன். அந்தத் தொழிலின் வழித்தோன்றல்தான் பாகோ. அவருக்கும் பல பத்தாண்டுகள் முன்பே இங்கிலாந்தின் ஸ்ட்ரவுடில் எட்வின் பட்டிங் ஒரு திருகு ஸ்பேனரைச் செய்திருந்தார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதோ புல்வெட்டும் இயந்திரத்துக்காக.

மூன்றாம் படி: கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள்

ஸ்க்ரூஃபிக்ஸ், டூல்ஸ்டேஷன் கடைகளில் பொருள் உள்ளே இருக்கும். கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டும். பி அண்ட் கியூ, விக்ஸில் சுவரில் தொங்கும். எங்கே என்றாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தாடையைப் பாதி திறந்து, நகரும் தாடையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். எல்லாவற்றிலும் துளி ஆட்டம் இருக்கும். கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். அந்த ஆட்டம்தான் பித்தளை நட்டின் முனைகளை மழுக்கும். மழுங்கிய நட்டை மாற்ற இணைப்பையே வெட்ட வேண்டிவரும். அடுத்து, கட்டைவிரலால் திருகை உருட்டுங்கள். ஈரக் கையோடு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உருட்டப்போகிறீர்கள். இழுவையாக இருக்கக் கூடாது.

எந்த அளவுக்கும் தானே பொருந்தும் என்று இணையத்தில் விற்கும் மாயத் தலைகளை நம்பாதீர்கள். நடுவே குழாய் ஊடுருவிச் செல்லும் நட்டின்மேல் அவற்றைச் செருகவே முடியாது.

நான்காம் படி: இரண்டாவது கருவி

ஒன்று போதாது. நட்டைத் திருகும்போது இணைப்பின் உடலை இன்னொரு கருவியால் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடலும் சேர்ந்து சுழன்று, மறுமுனையில் ஒழுகாத இடமும் ஒழுகத் தொடங்கும். இரண்டாவதாக 10 அங்குல வாட்டர் பம்ப் பிளையர் வாங்கலாம். ஆனால் அதன் பல், குரோம் பூசிய குழாயில் வடு விழச்செய்யும். குளியலறைக்கு மட்டும் வழவழப்பான தாடை வேண்டும். க்னிபெக்ஸின் பிளையர் ரெஞ்ச் அந்த வகை. தாடைகள் இணையாகவே நகரும். விலை அதிகம்தான். கையில் காசு இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பேசினுக்குப் பின்னால், டேப்பைக் கீழிருந்து பிடித்திருக்கும் நட் வேறு கதை. அதற்கு எந்த ஸ்பேனரும் எட்டாது. பேசின் ரெஞ்ச் என்ற நீண்ட தண்டுக் கருவி வேண்டும். டேப்பையே மாற்றும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: முதல் திருகல்

முதலில் ஸ்டாப்காக்கை மூடுங்கள். அது பெரும்பாலும் சமையலறை சிங்க் அடியில், வலஞ்சுழியாகத் திருப்பினால் மூடும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. ஆண்டுக்கணக்கில் தொடாத ஸ்டாப்காக் இறுகிப்போயிருக்கும். புது ஸ்பேனரை அதில் சோதிக்காதீர்கள். தண்டு முறிந்தால் சமையலறை குளமாகும். கையால் சிறிது முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்; மசியாவிட்டால் பிளம்பரை அழையுங்கள்.

ஸ்பேனரை நட்டில் முழுக்க உட்கார வைத்து, இடைவெளி இல்லாமல் தாடையை நெருக்குங்கள். நகரும் தாடை இருக்கும் பக்கமாகத் திருப்புங்கள். அப்போது பாரம் அசையாத தாடைமேல் விழும். சொட்டும் 15 மி.மீ. இணைப்பு என்றால் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கி, துடைத்துவிட்டு, காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் ஆலிவ் வளையம் குழாயை நெரித்துவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

ஒருபோதும் தொடக்கூடாத குழாய்

சமையல் வாயுவும் அதே 15, 22 மி.மீ. செம்புக் குழாயில்தான் வருகிறது. நட்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாயுவில் இயங்கும் பாய்லரின் அடியில் வரிசையாக நிற்கும் குழாய்களில் ஒன்று நிச்சயம் வாயுவுடையது. எது என்ன என்று மீட்டர்வரை தடம்பிடித்து உறுதி செய்யாமல் எந்த நட்டிலும் ஸ்பேனரை வைக்காதீர்கள். வாயு வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் அழைத்தால், அவர் கேஸ் சேஃப் பதிவுள்ளவராக இருப்பது சட்டப்படி கட்டாயம். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாயு நாற்றம் அடித்தால் சன்னல்களைத் திறந்து, விளக்குச் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 0800 111 999-ஐ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், அழைப்பு இலவசம்.