சிவப்புச் சொட்டு எங்கிருந்து?

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காருக்கு அடியில் தினமும் காலையில் சிவப்பாகச் சொட்டியிருக்கிறது. ஒழுகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சிவந்து, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில். தண்ணீர்போல் இருந்தால் கூலன்ட். சொட்டுகிற இடமே ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். வண்டி ஆறிய பிறகு அடிப்பகுதியைச் சுத்தமாகத் துடைத்து, 20 நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எங்கே மிக உயரத்தில், முன்பக்கமாகத் தெரிகிறதோ அங்கிருந்துதான் பெரும்பாலும் கசியும். ஆயில் பேன் கேஸ்கட், கூலர் பைப் இணைப்பு, ஆக்ஸில் சீல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டினால் பம்ப் சீலாக இருக்கலாம். கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும். தயவுசெய்து ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம் வையுங்கள்.