ஐந்து மணி ஆட்களுக்கும் ஒரே கூலி

பாயான் பாரு,
பினாங்கு

அன்பு மகளுக்கு,

ஜோகூரில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனதும் சாப்பாட்டு நேரம் தவறுகிறது என்று உன் அம்மா சொன்னாள். பசியாறாமல் வேலைக்குப் போகாதே.

பாட்டியின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நீ அனுப்பியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாட்டி விண்ணரசுக்குப் போய்விட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், செத்த பிறகுதான் அது கிடைக்குமென்றால் 26 வயதில் எனக்கு அதனால் என்ன என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

பாட்டி ஆண்டவரிடம் இருக்கிறார். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் விண்ணரசைச் சாவுக்கு அப்பால் உள்ள ஓர் ஊராக மட்டும் நினைத்துவிட்டால் நற்செய்தியில் பாதி நம் கைவிட்டுப் போய்விடும். இயேசு கலிலேயாவில் முதன்முதலாக அறிவித்ததே அந்த அரசு நெருங்கிவிட்டது, மனம் மாறுங்கள் என்பதுதான். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மீனவர்களை அதற்காகத்தான் கூப்பிட்டார். மத்தேயு விண்ணரசு என்று எழுதுவதையே மாற்கும் லூக்காவும் இறையாட்சி என்கிறார்கள். கடவுள் ஆளுகிறார், மனிதர் அவர் விருப்பப்படி ஒருவரோடு ஒருவர் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். இயேசு கற்றுத்தந்த செபத்தைக் கவனித்துச் சொல்லிப் பார். அந்த ஆட்சி இங்கே வரவேண்டும் என்று கேட்கிறோம். எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போ என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. சாவைக் காட்டி மிரட்டி விண்ணரசைப் போதிப்பவர்களை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

போன ஈஸ்டருக்கு வந்தபோது குவீன்ஸ்பே கடலோரத்தில் நின்று, எதிரே தெரிவது என்ன தீவு என்று கேட்டாய் அல்லவா? அது ஜெரெஜாக். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கிவைத்த இடம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்களையும் நோய் பரவிவிடும் என்று அங்கேதான் இறக்கித் தடுத்துவைத்தார்கள். பிறகு காசநோயாளிகள் இருந்தார்கள். 1969-இல் சிறையாயிற்று, 1993-இல் அதையும் மூடினார்கள். ஊருக்கு வேண்டாதவர்களையெல்லாம் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆனால் கைக்கு எட்டாமல் வைத்திருந்தார்கள்.

இப்போது மத்தேயு 8-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். மலையிலிருந்து இறங்கி வருகிற இயேசுவின் முன்னால் ஒரு தொழுநோயாளி வந்து பணிகிறான். அவனைத் தொட்டாலே தீட்டு என்பது அன்றைய சட்டம். இயேசு முதலில் கையை நீட்டித் தொடுகிறார், நோய் அதற்குப் பிறகுதான் நீங்குகிறது. உடனே குருவிடம் போய் உன்னைக் காட்டு என்று அனுப்புகிறார். குரு சொன்னால்தான் அவன் ஊருக்குள், வீட்டுக்குள் திரும்ப முடியும். 10-ஆம் அதிகாரத்தில் சீடர்களை அனுப்பும்போதும் விண்ணரசு நெருங்கிவிட்டது என்று அறிவிக்கச் சொல்லி, அதே மூச்சில் தொழுநோயாளிகளை நலமாக்கச் சொல்கிறார். ஒதுக்கப்பட்டவன் திரும்ப உள்ளே வருகிற இடத்தில் அந்த அரசு வந்துவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இனி உன் தொழிற்சாலை விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வந்த நேபாளப் பையன்களுக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி ஓவர்டைமா என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பதாக எழுதியிருந்தாய். மத்தேயு 20-இல் அதே முணுமுணுப்பு இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் ஒரு தெனாரியத்துக்கு ஆள் பேசுகிறார். அது ஒரு நாள் கூலி. ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும், ஐந்துக்கும் திரும்பவும் சந்தைக்குப் போகிறார். ஐந்து மணிக்கும் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மகளே. ஆறு மணிக்குக் கூலி கொடுக்கும்போது அவர்களுக்கும் முழுத் தெனாரியம்! வெயிலில் வெந்தவர்களுக்குக் கோபம் வருகிறது. பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசுகூடக் குறையவில்லை, இருந்தும் அடுத்தவனுக்குக் கிடைத்தது உறுத்துகிறது. ஆனால் அரைத் தெனாரியத்தோடு போகிறவன் வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகள் அரை வயிறுதான். விண்ணரசு இந்தத் தோட்டக்காரரைப் போன்றது என்றுதான் இயேசு அந்த உவமையைத் தொடங்குகிறார்.

1972-இல் பாயான் லெப்பாஸ் ஃப்ரீ டிரேட் ஸோன் தொடங்கிய காலத்தில் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். உன் அத்தையும் அப்படி வந்தவள்தான். அன்றைக்கு அந்த ஐந்து மணி ஆட்கள் நாம்.

அப்படியென்றால் சமூக சேவைதான் விண்ணரசா என்று நீ கேட்பாய். இல்லை. நம் உழைப்பால் அதைக் கட்டி முடிக்க முடியாது. மாற்கு 4-இல் விதைத்தவன் இரவில் தூங்கி எழுகிறான், பயிர் அவனுக்குத் தெரியாமலே வளர்கிறது. கோதுமையோடு களையும் அறுவடை வரைக்கும் நிற்கும் என்று மத்தேயு 13 சொல்கிறது. ஆகையால் அது வந்துவிட்டது, இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். எனக்கும் இந்த வயதில் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை விட்டால் மற்றது கெட்டுவிடும். வந்துவிட்டது என்பதை மறந்தால் கைகட்டிக்கொண்டு மோட்சத்துக்குக் காத்திருப்போம். வரவேண்டியது இருக்கிறது என்பதை மறந்தால் இரண்டு தோல்வியிலேயே மனம் விட்டுப்போகும்.

இந்த வாரம் மத்தேயு 5, 6, 7, 13, 20, 25 அதிகாரங்களைப் படி. ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். அடுத்த ஓவர்டைம் பட்டியல் போடுவதற்கு முன்னால் அந்த நேபாளப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயரைக் கேள், ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேள். கேட்டதை எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா