ஏஜென்ட்டுக்கு ஒரு மூட்டை எத்தனை கிலோ?

தஞ்சாவூர்ப் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ‘நூறு மூட்டை’ என்றால் பட்டியல் எழுத்தர் மறுகேள்வி கேட்க மாட்டார். மூட்டைக்கு 40 கிலோ, ஆக 40 குவிண்டால். அதே நூறு மூட்டையைத் தனியார் வியாபாரி களத்துக்கே வந்து எடுத்தால் பெரும்பாலும் 60 கிலோ கணக்கு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஏஐ ஏஜென்ட்டுக்கு எழுதித்தான் தர வேண்டும்.

நெல் கொள்முதல் கணக்குக்கான ஒரு மென்பொருளை ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டு சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பதிவைத் தேடுவது, எடையை எடுப்பது, பில்லை ஒப்பிடுவது என ஒவ்வொன்றுக்கும் ஏஜென்ட் அழைக்கத் தனித்தனி டூல் உண்டு. டூலின் பெயர், விளக்கம், தர வேண்டிய உள்ளீடுகள் ஆகியவை மட்டுமே ஏஜென்ட்டை இயக்கும் மாடலுக்குப் போகும். உள்ளே ஓடும் நிரல் அதன் கண்ணில் படாது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற இணைப்பு நெறிமுறைக்குப் பிறகு ஒரே டூலைப் பல ஏஜென்ட்களோடு இணைக்க முடிகிறது. விளக்கத்தில் உள்ள குழப்பமும் அத்தனை இடத்துக்கும் சேர்ந்தே போகிறது.

எடை டூலின் விளக்கம் முதலில் இவ்வளவுதான்: “கொள்முதல் எடையைத் தரும்.” ஏஜென்ட் அதை அழைத்தது, 4000 என்று விடை வந்தது, திரையில் 40 என்று இருந்தது. உடனே பக் என்று அறிக்கை எழுதிவிட்டது. ஒன்று கிலோ, மற்றது குவிண்டால். இப்போது அந்த விளக்கம் இப்படி இருக்கிறது: “ஒரு டோக்கனுக்கான நிகர எடையைக் கிலோவில் தரும், சாக்கு எடை சேராது. டோக்கன் எண் தெரியாவிட்டால் முதலில் ‘டோக்கன் தேடு’ டூலை அழைக்கவும். இன்னும் எடை போடவில்லை என்றால் வெற்று விடை வரும். அது பூஜ்யம் அல்ல.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரிகள் இல்லாவிட்டால், டூல், திரை இரண்டும் வெறுமையாக இருப்பதை ‘பொருந்துகிறது’ என்று எடுத்துக்கொண்டு சோதனை பச்சையாகிவிடும்.

‘ஆண்டு’ என்ற உள்ளீடு இதைவிடச் சிக்கல். ஆகஸ்ட் வாக்கில் விதைத்த சம்பா ஜனவரி, பிப்ரவரியில்தான் அறுவடைக்கு வரும். 2025 ஜனவரியில் அறுத்த நெல்லை எந்த ஆண்டில் தேடுவது? பில்லில் 2025. கொள்முதல் பருவம் 2024–25. கிராம நிலக் கணக்கான அடங்கலில் பசலி 1434, ஏனென்றால் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கும். ஆகவே ‘ஆண்டு’ என்று மொட்டையாகப் பெயர் வைக்காமல் ‘பசலி_ஆண்டு’, ‘கொள்முதல்_பருவம்’, ‘பில்_தேதி’ என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி மதிப்பும் கொடுத்தோம். சாகுபடிப் பட்டத்துக்குக் குறுவை, சம்பா, தாளடி, கோடை என்று மூடிய பட்டியல். அது இல்லாவிட்டால் ஏஜென்ட் எங்கோ படித்த ‘காரிஃப்’, ‘ரபி’யை எழுதி அனுப்பும்.

சோதனை வேலைக்கே உரிய ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டூல் எப்படி வேலை செய்யும் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். மென்பொருள் என்ன விடை தர வேண்டும் என்பதை எழுதாதீர்கள். ‘ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிராகரிக்கும்’ என்று, நெல்லைப் பதிவு செய்யும் டூலின் விளக்கத்தில் எழுதினால், ஏஜென்ட் 18 சதவீதத்தைப் போட்டுப் பார்க்காமலே ‘நிராகரிக்கப்படும்’ என்று முடித்துவிட வாய்ப்புண்டு. எதைச் சோதிக்க வந்தோமோ அதையே உண்மை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டோம் அல்லவா? அந்த எண்ணும் நிலையாக நிற்பதில்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் மத்திய அரசு 19, 20 வரை தளர்த்தியிருக்கிறது. வரம்பு டெஸ்ட் கேஸில் இருக்கட்டும், தேதியோடு. டூல் விளக்கத்துக்கு “ஈரப்பதத்தைச் சதவீதத்தில், ஒரு தசம இடத்தோடு தரவும், நிராகரித்தால் காரணம் விடையில் வரும்” என்பது போதும். நெல்லை மென்பொருள் நிராகரிப்பது வேறு, சர்வர் பதில் தராமல் டூலே தோற்பது வேறு. இரண்டுக்கும் வெவ்வேறு செய்தி வர வேண்டும்.

தரவை மாற்றும் டூல் என்றால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். பணப் பட்டுவாடா போன்றவற்றுக்கு அந்த எச்சரிக்கையை மட்டும் நம்பக் கூடாது. உண்மையான வங்கி இணைப்பைத் தொடும் அனுமதியே ஏஜென்ட்டுக்கு இருக்கக் கூடாது.

ஏஜென்ட் தரும் அறிக்கையோடு நான் நிறுத்துவதில்லை. எந்த டூலை, எந்த உள்ளீட்டோடு, எந்த வரிசையில் அழைத்தது என்ற பதிவையும் படிக்கிறேன். ஒரே டூலை உள்ளீட்டை மாற்றி மாற்றி அழைத்திருந்தால் அந்த விளக்கத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படுவேன். திருத்தும்போது ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி அதே சோதனைகளை மறுபடி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓடவிடுகிறேன். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.