வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ்: பூ ஏன் உதிர்கிறது?

"மாடியில் பீன்ஸ் போட்டோம். செடி நன்றாக வந்தது, பூத்தது, காய்தான் பிடிக்கவில்லை" என்று அலுவலகத்துக்கு வரும் சகோதரிகள் பலர் சொல்கிறார்கள். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டால் மாசி, பங்குனி என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. உரத்தில் குறையில்லை, மாதம்தான் தவறு.

பீன்ஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அது செழிப்பதற்கு இதுவே காரணம். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும். சமவெளியில் இருக்கும் நாம் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ விதைத்தால் மார்கழி, தையில் பூக்கும். கோடையில் விதைக்க ஆசையிருந்தால் காராமணி, கொத்தவரை போடுங்கள். அவை வெயிலுக்கு அஞ்சாதவை.

புதிதாகத் தொடங்குவோருக்குக் குத்துச்செடி ரகமே நல்லது. பந்தல் தேவையில்லை, ஏறக்குறைய 50 நாளில் பறிக்கலாம். கொடி ரகம் அதிக நாள் காய்க்கும், ஆனால் குச்சியோ கயிறோ கட்ட வேண்டும். மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்த பையில், ஒரு அங்குல ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து செடி நின்றுவிடும். விதையை இரவெல்லாம் ஊற வைப்பதும் வேண்டாம், வெடித்து அழுகிவிடும். அடைமழை நாட்களில் பைகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

தண்ணீரைக் காலையில் தூரில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்க வேண்டாம். உளூ செய்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஊற்றலாம், சோப்பு கலக்காமல் இருந்தால் போதும். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும், காய் குறையும். அசுவினி தென்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து அஸருக்குப் பிறகு இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். தண்ணீர் இலையில் படக்கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

ஒரு வேளைப் பொரியலுக்குப் பத்துப் பதினைந்து செடியாவது வேண்டும். இரண்டு தொட்டி வைத்துவிட்டுக் கடைச் செலவு குறையும் என்று எண்ண வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிஞ்சாகவே பறியுங்கள். முற்றவிட்டால் செடி புதுக்காய் பிடிப்பதை நிறுத்திவிடும். பிள்ளைகள் செடியிலிருந்து பறித்துப் பச்சையாகத் தின்ன விடாதீர்கள். வேகாத பீன்ஸில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பொருள் உண்டு. நன்றாக வேகவைத்தால் அது போய்விடும்.

கடைசிக் காய்கள் சிலவற்றை மட்டும் செடியிலேயே காயவிட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டிப் புட்டியில் மூடி வையுங்கள். ஒட்டுரக விதையாக இல்லாதிருந்தால் அடுத்த கார்த்திகைக்கு அதுவே போதும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.